குடியை நிறுத்த மாத்திரையா? மூளையில் நடப்பது என்ன?



நமது மருத்துவமனையின் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்களில் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்கிறார்கள். "குடிக்கிறவன் மனம் திரும்பினால் போதுமே, இதற்கு மாத்திரை எதற்கு? ஒரு போதையை விடுவித்து இன்னொரு போதையைப் பழக்குவது ஆகாதா?" கேள்வி நியாயமானது. கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. மனந்திரும்புதல் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மனம் திரும்பியவனுடைய மூளை அன்றைக்கே திரும்பிவிடுவதில்லை. அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கடத்த மருந்து எப்படி உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதைக் கூடியவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறோம்.

அறந்தாங்கிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் ஆவுடையார்கோவில், மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் வரையிலிருந்து வருகிறார்கள். வயல் வேலை செய்கிறவர்கள், கொத்தனார்கள், லாரி ஓட்டுநர்கள், கடலுக்குப் போகிறவர்கள். "குடியை நிறுத்த வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். கால் முறிந்து வருவார், மஞ்சள் காமாலையோடு வருவார், ரத்த வாந்தியோடு வருவார். குடியைப் பற்றிக் கேட்டால் "எப்பவாவது கொஞ்சம்" என்பார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாள் இரவில்தான் உண்மை வெளியே வரும். கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், படுக்கையெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று தட்டுவார். கடலுக்குப் போகிறவராக இருந்தால் இல்லாத வலையை இழுத்துக்கொண்டிருப்பார். ஏற்றிய ஊசியைப் பிடுங்கி எறிவார். வீட்டார் காற்று கருப்பு பிடித்ததென்று நினைப்பார்கள். பிடித்திருப்பது மூன்று நாளாகச் சாராயம் கிடைக்காத மூளைதான். கவனிக்காமல் விட்டால் இதில் உயிர் போகும்.

இது ஏன் நேருகிறது? வண்டி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் ஒரு மூக்கணாங்கயிறும் உண்டு, ஒரு சாட்டையும் உண்டு. நரம்புகளை அடக்கி நிறுத்துகிற கயிறு காபா என்ற வேதிப்பொருள். முடுக்கிவிடுகிற சாட்டை குளுட்டமேட் என்ற வேதிப்பொருள். மது உள்ளே போனதும் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது, சாட்டையை ஒளித்து வைக்கிறது. அதனால்தான் முதல் குவளையில் பயம் தணிகிறது, உடம்பு தளர்கிறது. இப்படியே வருஷக்கணக்கில் தினமும் நடந்தால் மூளை சும்மா இருக்குமா? மது இழுக்கிறதற்கு ஈடாகக் கயிற்றைத் தானே தளர்த்திக்கொள்கிறது, சாட்டைகளைப் பெருக்கிக்கொள்கிறது. இந்த நிலையில் அவர் மது இருந்தால்தான் சாதாரணமாக நிற்க முடிகிற மனிதர். ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால், தளர்ந்த கயிறும் பத்துச் சாட்டையுமாக மாடு தறிகெட்டு ஓடுகிறது. வலிப்பும் பிதற்றலும் அந்த ஓட்டம்தான்.

ஆகவே பல வருஷம் காலையில் எழுந்ததும் குடிக்கிற ஒருவரை, "இன்றே விட்டுவிடு" என்று சத்தியம் வாங்கி வீட்டில் அடைத்து வைப்பது ஆபத்தான காரியம். மருத்துவமனையில் குளோர்டயாசிபாக்சைடு, லோரசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துக் கயிற்றைச் சில நாட்கள் எங்கள் கையில் பிடித்துக்கொள்கிறோம். பிறகு சுமார் ஒரு வாரத்திற்குள் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம். இந்த மருந்துகளை அதற்கு மேல் நீட்டினால் நண்பர்கள் பயப்படுகிறபடி இன்னொரு பழக்கம் வரத்தான் செய்யும். அந்த அளவில் உங்கள் பயம் சரி.

இதோடு ஒரு சிறிய வைட்டமினைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யார் சோர்ந்து விழுந்தாலும், "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பதுதான் முதல் வேண்டுகோள். பல நாள் சோறு இறங்காமல் குடித்தே கிடந்தவருக்கு அது மட்டும் ஏற்றுவது கெடுதல் செய்யலாம். குளுக்கோஸை எரிக்க மூளைக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 வேண்டும். குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிக் கிடக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் செலவழித்துவிட்டால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய வைத்தியர் இந்த நோயை 1881-ல் விவரித்து எழுதினார். தவறவிட்டால் பலருக்கு ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடுகிறது. காலையில் பார்க்க வந்த மகனை மாலையில் "எப்போ வந்தே?" என்று கேட்கிற தகப்பன்மார் உண்டு. தயமின் ஊசி விலை மலிவு. முதலில் அது, பிறகுதான் குளுக்கோஸ். உங்கள் காணிக்கையில் வாங்கப்படுகிற மருந்துகளில் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வோம்.

ஆனால் இதெல்லாம் முதல் வாரத்து வேலை. நடுக்கம் நின்று, பசியெடுத்து, முகம் தெளிந்து வீட்டுக்குப் போகிறாரே, உண்மையான சோதனை அன்றைக்குத்தான் ஆரம்பம். சாயங்காலம் கூலிப்பணம் கையில் வரும், கூட்டாளி தோளைத் தட்டுவான், கடையின் பச்சைப் பலகை கண்ணில் படும். கயிறும் சாட்டையும் இன்னும் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. இந்த இடத்தில்தான் மாத்திரைகளின் கதை தொடங்குகிறது.

முதலில் வந்தது டைசல்ஃபிராம். ரப்பர் பதனிடப் பயன்பட்ட ரசாயனம் இது. இந்த வகை ரசாயனத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு மது ஒத்துக்கொள்வதில்லை என்று அமெரிக்கத் தொழிற்சாலை வைத்தியர் ஒருவர் 1937-லேயே எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். அக்காலத்து வழக்கப்படி தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன்பின் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடிப்பதுபோல் ஆயிற்று. 1948-ல் இது குடிநோய்க்கு மருந்தாக வெளியிடப்பட்டது. மது உடம்பில் சிதையும்போது உண்டாகிற அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேலும் சிதையவிடாமல் இது தடுத்துவிடுகிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற குணம் இதற்குக் கிடையாது. குடித்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் மருந்து. அதனால் சாப்பிடுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். "குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவர்களிலும் பேருந்துகளிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையையே பொடித்துக் குழம்பில் கலக்கிற சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அடி வாங்கிக் களைத்தவர்கள் எதையும் செய்துபார்ப்பார்கள். ஆனால் கணவர் ஒன்றும் அறியாமல் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும். இருதய நோய் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு வரலாம். தயவுசெய்து இதை உங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து வந்த மருந்துகள் மூளையையே குறிவைத்தவை. மது உள்ளே போனதும் மூளை தனக்குள்ளேயே எண்டார்ஃபின் என்ற இன்பப்பொருளைச் சுரக்கிறது. அது தனக்குரிய இருக்கையில் போய் உட்கார்ந்தால்தான் "ஆகா, இன்னொன்று" என்ற எண்ணம் எழும். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா? நால்ட்ரெக்சோன் செய்வது அதுதான். அந்த இருக்கையில் துண்டைப் போட்டுவிடுகிறது. எண்டார்ஃபின் வந்து பார்த்துவிட்டு நிற்கிறது. குடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை, அடுத்த குவளைக்குக் கை நீளுவது குறைகிறது. அமெரிக்காவில் ஜோசப் வோல்பிசெல்லியின் குழுவினரும் ஸ்டெஃபனி ஓமாலியின் குழுவினரும் தனித்தனியே செய்த பரிசோதனைகள் 1992-ல் வெளியாயின. 1994-ல் அந்நாட்டு அரசு குடிநோய்க்கு இதை அனுமதித்தது. இதனால் போதையும் இல்லை, இதற்கு அடிமையாவதும் இல்லை. ஆகவே நண்பர்களின் கேள்விக்கு இந்த மாத்திரையைப் பொறுத்தவரை நேரடியான பதில், "ஆகாது" என்பதே. கல்லீரலைப் பரிசோதித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகள் சாப்பிடுகிறவருக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று அகாம்ப்ரோசேட். பிரான்சில் 1989-ல் புழக்கத்துக்கு வந்தது. சாட்டைகளை அமைதிப்படுத்துகிற மருந்து என்று சொல்லலாம். கல்லீரலுக்குச் சுமையில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்கு இரண்டாக நாளைக்கு ஆறு மாத்திரை. சித்தாள் வேலைக்கும் கடலுக்கும் போகிறவர் மத்தியானம் மறக்காமல் இரண்டு மாத்திரை போடுவார் என்று எதிர்பார்ப்பது எங்களுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

எந்த அளவுக்குப் பலன்? 118 ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி, 11 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால், மருந்தில்லாவிட்டால் மீண்டும் பெருங்குடிக்குப் போயிருக்கக்கூடிய ஒருவர் காப்பாற்றப்படுகிறார். அகாம்ப்ரோசேட் கொடுக்கிற 11 பேரில் ஒருவர் கூடுதலாக, ஒரு துளியும் தொடாமல் இருக்கிறார். இவ்வளவுதானா என்று தோன்றும். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இப்படித்தான். பலர் சாப்பிட்டு ஒருவர் பக்கவாதத்திலிருந்து தப்புகிறார். அதற்காக யாரும் அந்த மாத்திரையை வீண் என்று சொல்வதில்லை.

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. மும்பையில் அவினாஷ் டிசோசா, ஆலன் டிசோசா என்ற இரு மனநல வைத்தியர்கள் 100 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டைசல்ஃபிராமும் மற்றதற்கு நால்ட்ரெக்சோனும் ஒரு வருஷம் கொடுத்து, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். பழைய மாத்திரையே ஜெயித்தது. டைசல்ஃபிராம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 86 பேர் குடிக்காமல் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 44 பேர். ஆனால் குடிக்க வேண்டுமென்ற ஏக்கம் நால்ட்ரெக்சோன் பிரிவில்தான் குறைவாக இருந்தது. ஏக்கம் குறைந்த பிரிவில் தோல்வி அதிகம், ஏக்கம் கூடிய பிரிவில் வெற்றி அதிகம் என்றால் என்ன அர்த்தம்? சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு இருந்தவர்கள், வீட்டார் பக்கத்தில் இருந்து மாத்திரையைக் கவனித்துக் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் மறைக்கப்படவில்லை. தினமும் காலையில் மனைவியின் கையிலிருந்து வாங்கி, அவர் கண்முன்னே விழுங்குகிற ஒரு மாத்திரை, அன்றைய நாளுக்கு அவர் கொடுக்கிற வாக்குறுதியாகவும் ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் தனியே அறையெடுத்து வாழ்கிறவருக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அறந்தாங்கியில் இன்னும் உதவும் என்றே நினைக்கிறோம், குடும்பம் மிச்சமிருக்கிற வரையில்.

கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு மேற்சொன்ன இரண்டில் ஒன்றும் எளிதாகக் கொடுக்க முடியாது. நம் வார்டில் அப்படிப்பட்டவர்கள் குறைவல்ல. இவர்களுக்கு ஒரு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தசை இறுக்கத்திற்குக் கொடுக்கப்படுகிற பாக்லோஃபென் என்ற பழைய மருந்து, முன்சொன்ன கயிற்றையே வேறு இடத்தில் பிடிக்கிறது. இத்தாலியில் ஜியோவன்னி அடோலொராட்டோவின் குழுவினர் கல்லீரல் சுருக்கம் உள்ள 84 பேரிடம் பரிசோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 71 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 பேரும் குடியை விட்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்பு, பிரான்சில் ஒலிவியே அமெய்சன் என்ற இருதய வைத்தியர் தம்முடைய சொந்தக் குடிநோய்க்கு இதை மிக அதிக அளவில் தாமே எடுத்துக்கொண்டு குணமானதாக 2005-ல் எழுதினார். பிரான்சில் பெரிய பரபரப்பு. 2018-ல் அந்நாட்டு அரசு நிபந்தனைகளோடு அனுமதித்தது. தூக்கமும் மயக்கமும் வரும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வைத்தியர் அளவு சொல்லாமல் யாரும் தொடக் கூடாத மருந்து.

இப்போது பத்திரிகைகளில் பேசப்படுவது சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் போடப்படுகிற செமாகுளுடைட் ஊசி. இதைப் போட்டுக்கொண்டவர்கள் சிலர் மதுவிலும் ருசி போய்விட்டது என்றார்கள். அமெரிக்காவில் 48 பேரிடம் ஒன்பது வாரம் பரிசோதித்த முடிவு 2025-ல் வெளியாயிற்று. குடிக்கிற நாளில் குடிக்கிற அளவும் ஏக்கமும் குறைந்தன. குடிக்கிற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. நம்பிக்கை தருகிற ஆரம்பம். 48 பேரை வைத்து நமது மருந்தகத்தில் அதை வாங்கி அடுக்கமாட்டோம்.

மாத்திரையில்லாத வழிகளும் தேடப்படுகின்றன. ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தில் 45 நோயாளிகளுக்குத் தலையின் மேல் காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது ஏக்கம் குறைந்ததாக 2010-ல் எழுதினார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் விவேக் பெனகல் முதலானோர் குடிநோயாளிகளின் பிள்ளைகளைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். தலையில் மின்முனை ஒட்டி, ஒரு சத்தம் கேட்கும்போது மூளையில் எழுகிற அலையை அளப்பார்கள். குடிநோயாளிகளின் மகன்களுக்கு, அவர்கள் மதுவைத் தொடும் முன்பே அந்த அலை சிறிதாக இருப்பதை 1984-ல் அமெரிக்காவில் கண்டிருந்தார்கள். குடும்பத்தில் குடிநோயாளிகள் எத்தனை பேரோ அத்தனைக்கு அலை சிறுக்கிறது என்று 1995-ல் பெங்களூர் ஆராய்ச்சி காட்டியது. அந்தப் பிள்ளை குடிகாரனாவான் என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் மூளையில் கயிறு சற்று மெலிந்தே பிறக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு முதல் குவளை மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஆபத்தானது. "அப்பன் புத்தி" என்று ஊர் சொல்வதில் பாதி இந்த உடல்கூறு. மறுபாதி, அப்பன் அடித்த அடி.

மருந்து எவ்வளவு வளர்ந்தாலும் கூட இருக்க ஆள் வேண்டும் என்பதை நம் பகுதியே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த நிறுவனத்தார் 1980-களின் இறுதியிலிருந்து அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தினார்கள். நோயாளிகளைப் பட்டணத்துக்கு வரச்சொல்லாமல் வைத்தியரும் ஆலோசகரும் கிராமத்துக்குப் போனார்கள். ஊரார் இடம் கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கும் சேர்த்துப் பயிற்சி நடந்தது. முகாம் முடிந்த பின்பும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். நாங்கள் பின்பற்ற விரும்புகிற முறை இது.

மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் இப்போதுள்ள பழைய மருந்துகூட எட்டவில்லை. ஆகவே புதிய மருந்து எப்போது வரும் என்று எங்களைக் கேட்கிற நண்பர்களுக்கு, கல்லீரல் பரிசோதனைக்கான பணமும், மாதம் ஒருமுறை மீமிசலிலிருந்து வந்துபோகப் பேருந்துக் கட்டணமும், மாத்திரை தீர்ந்துபோகாமல் ஒரு வருஷம் கொடுக்கிற ஏற்பாடும்தான் இப்போதைக்கு அவசரமான ஆராய்ச்சி என்று பதில் எழுதுகிறோம். மருத்துவமனைக்கு வர வெட்கப்படுகிறவர்கள் 14416 என்ற அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகச் சபை ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் இருமல் மருந்திலும் அரிஷ்டத்திலும் உள்ள சிறிய அளவு மதுவைக்கூடத் தவிர்க்க வேண்டும். திருவிருந்துப் பாத்திரமும் இதில் சேரும். பல சபைகளில் புளிக்காத திராட்சரசம் பயன்படுகிறது, சிலவற்றில் புளித்தது. குடியை விட்டுப் பல வருஷத்துக்குப் பின் முதன்முறையாகப் பந்தியில் வந்து முழங்காலிடுகிற சகோதரர் இதைப் பற்றி வாய்திறந்து கேட்கமாட்டார். உங்கள் பாத்திரத்தில் இருப்பது எது என்று அவருடைய மனைவியிடமாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.